‘வேலை வாங்கித் தர்றேன்’ என்கிற உள்ளாட்சி வேட்பாளரிடம் என்ன கேட்பது?

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டால் டீக்கடை பெஞ்சிலிருந்து ரேஷன் கடை வரிசை வரை ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். “ஜெயிச்சு வந்தா நம்ம ஊருப் பிள்ளைங்க வேலைக்கு நான் பொறுப்பு.” கேட்பவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வேலை, எந்தப் பணத்தில், யார் கையெழுத்தில் என்று யாரும் குறுக்கே கேட்பதில்லை. கேட்க மனமில்லாமல் இல்லை; கேட்டால் வரும் பதில் சரியா தவறா என்று நமக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள உதவுவதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரையான தேர்தல்களை வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு கசப்பான செய்தி. ஊராட்சித் தலைவராலோ வார்டு கவுன்சிலராலோ யாருக்கும் அரசு வேலை போட்டுத் தர முடியாது. கிராம நிர்வாக அலுவலர் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வருகிறவர். கிராம உதவியாளர் நியமனம் வருவாய்த் துறையில், தாலுகா அலுவலகத்தில் நடப்பது. ரேஷன் கடை விற்பனையாளரைக் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எடுக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் நியமனம் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கையில். இந்த வரிசையில் எங்குமே ஊராட்சி மன்றத் தீர்மானத்துக்கு இடம் கிடையாது. ஆகவே “அங்கன்வாடியில உங்க மருமகளைச் சேர்த்துவிடுறேன்” என்று ஒரு வேட்பாளர் சொன்னால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது பின்னால் ஒரு தொகை கேட்கப்போகிறார்.

சட்டமும் இதில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. வாக்குக்காக ஒருவருக்கு ஏதாவது ஆதாயம் கொடுப்பதும், கொடுப்பதாகச் சொல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 170ஆம் பிரிவின்படி லஞ்சம். ஆனால் பொதுக் கொள்கையை அறிவிப்பதும், பொது நடவடிக்கை எடுப்பேன் என்று வாக்குறுதி தருவதும் குற்றமல்ல என்று அதே பிரிவு சொல்கிறது. “ஊரில் வேலை கேட்கிற எல்லாருக்கும் பதினைந்து நாளில் வேலை கிடைக்க வழி செய்வேன்” என்பது வாக்குறுதி. “உங்க பையனுக்கு ஒரு வேலை போட்டுத் தர்றேன்” என்பது வேறு சங்கதி. கேள்வி கேட்கிற நாமும் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. “எம் பிள்ளைக்கு என்ன செய்வ?” என்று ஆரம்பித்தாலே பேச்சு தடம் மாறிவிடும்.

அப்படியானால் உள்ளாட்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் தொடர்பே இல்லையா? நிறைய இருக்கிறது. கண்மாய் முழுக்க அவர்கள் கையில் இல்லை; சில மடைகள் அவர்கள் கையில் இருக்கின்றன. எந்த மடை யார் கையில் என்று தெரிந்து கேட்டால்தான் வேட்பாளர் நின்று பதில் சொல்வார்.

யாரிடம் எதைக் கேட்பது

கிராமத்தில் ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்கு. 2019 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத பதவிகள், அடுத்த இரண்டும் கட்சி அடிப்படையில். நகரத்தில் ஒரே வாக்குதான், வார்டு கவுன்சிலருக்கு. மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் 2022இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

கிராமத்தில் வேலை பற்றிய கேள்விகளில் பெரும்பகுதி இளஞ்சிவப்புச் சீட்டுக்காரரிடம், அதாவது தலைவர் வேட்பாளரிடம் போகவேண்டியவை. நூறு நாள் வேலை, கிராம சபை, குத்தகை ஏலம், தூய்மைக் காவலர் எல்லாம் அவர் பக்கம். வார்டு உறுப்பினர் வேட்பாளரிடம் ஒரு கேள்வி போதும்: “மன்றக் கூட்டத்தில் செலவுக் கணக்கைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீர்களா?” சிரிப்பார்கள். பல ஊர்களில் தீர்மான நோட்டு வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போகிறது என்பதால்தான் அந்தச் சிரிப்பு. துணைத் தலைவராக வரக்கூடியவர் என்றால் இன்னும் அழுத்திக் கேட்கவேண்டும். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

நூறு நாள் வேலை: இங்கேதான் அதிகம் கேட்கவேண்டும்

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அடிப்படை எளிது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள். வேலை கேட்டு மனு கொடுத்தால் 15 நாளில் வேலை தரவேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி, அதாவது முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு அரைப் பங்கு. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு ரூ.336. அந்தக் கணக்கில் படி முதல் மாதம் தினம் ரூ.84, பிறகு ரூ.168.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதன் இடத்தில் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதில் 125 நாள் என்று இருக்கிறது; செலவில் மாநிலத்தின் பங்கு 40 சதவீதம் ஆகிறது; விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. மேடையில் “125 நாள் வாங்கித் தருவேன்” என்கிறவரிடம் அந்த 60 நாள் எந்த மாதங்களில் விழும், அப்போது நிலமில்லாத குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். சட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் ஊராட்சி மட்டத்தில் முடிச்சு ஒரே இடத்தில்தான் விழுகிறது. அந்த முடிச்சு, மனுவுக்குத் தரும் தேதியிட்ட ரசீது.

வேலை கேட்கிறவர் பணித்தளப் பொறுப்பாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வருகிறார். “வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்” என்று பதில் வருகிறது. இரண்டு மாதம் கழித்து வேலை வருகிறது. இதில் மனு இல்லை, தேதி இல்லை, ரசீது இல்லை. ஏட்டில் அவர் வேலை கேட்ட நாளும் வேலை கிடைத்த நாளும் ஒன்றாகவே பதிவாகும். 15 நாள் கெடு மீறியதாக எங்கும் காட்டாது, படியும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டோம் என்று அறிக்கையும் போய்விடும். வேலை உறுதிச் சட்டம் ஊருக்குள் வந்து சலுகையாகச் சுருங்குவது இந்த ஒரு துண்டுக் காகிதத்தில்தான்.

ஆகவே தலைவர் வேட்பாளரிடம் முதல் கேள்வி: “வேலை கேட்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே தேதி போட்டு ரசீது தர ஏற்பாடு செய்வீர்களா? வாரத்தில் எந்த நாள், எந்த இடத்தில் மனு வாங்குவீர்கள்?” வாய்ப்பேச்சில் இது இப்படித்தான் போகும்:

“நூறு நாள் வேலைய நிக்காம நடத்துவேன்க்கா.”

“சரி தம்பி. போன வருசம் நம்ம ஊராட்சியில ஒரு அட்டைக்குச் சராசரியா எத்தனை நாளு ஓடுச்சு?”

“அது… அம்பது இருக்கும்க்கா.”

“இருக்கும்னா எப்படி? பாத்துட்டு வந்து சொல்லு. வேலை கேட்டு மனு குடுத்தா ரசீது தருவியா?”

“ரசீது எல்லாம் கிளார்க்கு பாத்துக்குவார்க்கா.”

“கிளார்க்கு தரலைன்னா நீ என்ன செய்வ?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு. ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கேட்பேன், வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் எழுதுவேன், கிராம சபையில் மனுப் பதிவேட்டை வைக்கச் சொல்வேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை தெரியும். “நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்” என்றால் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் வேட்பாளருக்கே ஆர்வம் வரும். ஓர் ஊராட்சியில் நடப்பில் 400 வேலை அட்டை என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்குச் சராசரி 40 நாள் ஓடினால் 400 × 40 × 336 = ரூ.53,76,000 கூலியாக ஊருக்குள் வரும். சராசரி 60 நாளானால் ரூ.80,64,000. வித்தியாசம் ரூ.26,88,000. எந்தத் தொழிற்சாலையும் வராமல், ஒழுங்காக மனு வாங்கி வேலை திட்டமிட்டதால் மட்டும் ஊர் மளிகைக் கடை வரை பாயக்கூடிய பணம் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2005 சட்டப்படி ஊராட்சி எடுக்கும் வேலைகளில் பொருட்செலவு மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கூலி ரூ.53.76 லட்சம் என்றால் சிமெண்ட், ஜல்லி, கம்பிக்கு அதிகபட்சம் ரூ.35.84 லட்சம். கூலி நாள் கூடினால்தான் பொருளுக்கான வரம்பும் கூடும். “சிமெண்டு ரோடு போட்டுத் தருவேன்” என்கிறவரும் முதலில் மண் வேலை நாளைக் கூட்டியாக வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் வேட்பாளர் அபூர்வம். தெரிந்தவர் என்றால் அவரிடம் இன்னும் ஐந்து நிமிடம் பேசலாம்.

அடுத்து கூலிக் குறைவு. அறிவித்தது ரூ.336, கைக்கு வருவது அதைவிடக் குறைவு என்ற புலம்பல் இல்லாத ஊர் இல்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு. வேலை நாள் கணக்கில் அல்ல, வெட்டிய மண்ணின் கன அளவில் கூலி கணக்கிடப்படுகிறது. ஒரு குழுவாக அளந்தால் நன்றாக வெட்டியவருக்கும் வெட்டாதவருக்கும் ஒரே குறைந்த கூலி விழும். களிமண்ணா சரளையா, வயதானவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் மதிப்பீட்டில் சரியாகக் காட்டப்பட்டால் முழுக் கூலி கிடைக்க வாய்ப்பு உண்டு. “காலையில் வேலை தொடங்கும்போதே ஆளுக்கு இவ்வளவு நீளம், அகலம், ஆழம் என்று குறித்துச் சொல்ல ஏற்பாடு செய்வீர்களா?” என்று கேளுங்கள்.

வருகைப் பதிவு இப்போது கைபேசிச் செயலியில், காலையும் மதியமும் புகைப்படத்தோடு. சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் படம் ஏறாவிட்டால் அன்றைய நாளே விழாமல் போகும். சம்பளம் ஆதார் வழியாக வங்கிக்குப் போவதால் ஆதாரில் ‘மாரியம்மாள்’ என்றும் அட்டையில் ‘மாரியம்மா’ என்றும் இருந்தாலே பணம் திரும்பிவிடும் வாய்ப்பு உண்டு. இதற்கெல்லாம் தலைவர் செய்யக்கூடியது, மாதம் ஒரு நாள் அட்டை, ஆதார், பாஸ்புக் மூன்றையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் முகாம் நடத்துவது. சின்ன வேலைதான், ஆனால் ஓர் ஆண்டில் பல குடும்பங்களின் கூலியை மீட்டுத் தரும்.

தலைவரால் முடியாததையும் தெரிந்து வைத்திருங்கள். கூலிப் பணம் ஒன்றிய அரசிடமிருந்து வரத் தாமதமானால் ஊராட்சித் தலைவர் ஒன்றும் செய்ய முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சரே ரூ.1,056 கோடி நிலுவையை விடுவிக்கக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. “பாக்கியை நான் வாங்கித் தருவேன்” என்று வேட்பாளர் சொன்னால் நம்பாதீர்கள். “எந்த வருகைப் பட்டியல் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வேன்” என்றால் அது நடக்கக்கூடியது.

ஏலம், குத்தகை, சந்தை

ஊராட்சிக்குச் சொந்தமான புளியமரம், ஊராட்சிப் பொறுப்பில் உள்ள குளத்தின் மீன், வாரச்சந்தை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை குத்தகைக்கு விடப்படுபவை. வேலைவாய்ப்பு என்றால் இவற்றை யாரும் நினைப்பதில்லை. ஒரு சந்தையில் கீரைக்கட்டு விற்கும் பெண்ணுக்கு அன்றைய வருமானத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்வதில் குத்தகைதாரர் வசூலிக்கும் தரைக்கட்டணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தீர்மானத்தில் கட்டணம் ஒன்றாக இருக்கும், வாசலில் வசூலிப்பது வேறாக இருக்கும், ரசீது இருக்காது. கேட்டால் “ஏலம் இவ்வளவுக்குப் போச்சு, நான் எங்க எடுக்குறது?” என்பார் குத்தகைதாரர்.

கேட்கவேண்டியவை: ஏல அறிவிப்பை எத்தனை நாள் முன்னால், எங்கெங்கே ஒட்டுவீர்கள்? கூடைக்கு, தலைச்சுமைக்கு, தள்ளுவண்டிக்கு, லாரிக்கு என்று கட்டணப் பலகை சந்தை வாசலில் நிற்குமா? அதிகம் வாங்கினால் குத்தகையை ரத்து செய்யும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்குமா? புளியமர ஏலத்திலும் மீன் ஏலத்திலும் மகளிர் குழுவோ மீனவர் சங்கமோ பங்கெடுக்கும்படி முன்பணத்தை வைப்பீர்களா? முன்பணத்தை எட்டாத உயரத்தில் வைத்தாலே போதும், ஒரே ஆள் ஆண்டாண்டுக்கு எடுத்துக்கொண்டே இருப்பார்.

தொழிற்சாலை இருக்கும் ஊராட்சி

ஒரகடம், ஓசூர், திருப்பூர்ச் சுற்றுவட்டாரம் போன்ற இடங்களில் ஊராட்சித் தேர்தலின் சூடே வேறு. “நம்ம ஊரு கம்பெனியில நம்ம ஆளுங்களுக்குத்தான் வேலை” என்பது அங்கே கட்டாயப் பேச்சு. ஊராட்சிக்கு அப்படி உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. ஒரு மாநில அரசே முயன்றும் நிற்கவில்லை: தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு 75 சதவீதம் ஒதுக்கி ஹரியாணா கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது. மாநிலம் தோற்ற இடத்தில் ஊராட்சித் தீர்மானம் என்ன செய்யும்? நடைமுறையில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது ஆள் சப்ளை, கேன்டீன், ஸ்கிராப் ஒப்பந்தம் மூன்றும்தான். “வேலை வாங்கித் தருவேன்” என்கிறவரின் உறவினர் யாராவது அந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்புகிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. அப்படியானால் அவர் தருவதாகச் சொல்லும் வேலையில் கமிஷன் எவ்வளவு என்பதும் அடுத்த கேள்வி.

ஊராட்சி கையில் உண்மையாகவே ஒரு கருவி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தொழில் வரி. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் நிறுவனம் தன் ஊழியர் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி பிடித்து ஊராட்சிக்குக் கட்டவேண்டும். அரசியல் சாசனத்தின் 276ஆவது உறுப்பின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.2,500. எந்த நிறுவனத்தில் எத்தனை பேருக்கு வரி கட்டப்படுகிறது என்பது ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கும். வாசலில் ஷிப்டுக்கு முந்நூறு பேர் இறங்குகிறார்கள், பதிவேட்டில் எண்பது பேருக்குத்தான் வரி என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மீதிப் பேர் வரி வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்குகிறார்கள். இல்லையென்றால் கணக்கில் வராத ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டுமே வேலையின் தரம் பற்றிய செய்திதான். “தொழில் வரிக் கேட்புப் பட்டியலை நிறுவன வாரியாகக் கிராம சபையில் படிப்பீர்களா?” என்ற ஒரு கேள்வி, “நம்ம ஆளுங்களுக்குத்தான் வேலை” என்ற பேச்சை அமைதியாக்கிவிடும்.

நகரத்தில்: தூய்மைப் பணியும் தெருவோரக் கடையும்

நகராட்சி, மாநகராட்சிகளில் வேலைக்கு அமர்த்தும் இடமாக உள்ளாட்சியே பெரிய முதலாளி. ஆனால் தூய்மைப் பணியின் பெரும்பகுதி இப்போது ஒப்பந்ததாரர் வழியாக நடக்கிறது. கவுன்சிலர் வேட்பாளரிடம் “நிரந்தரம் ஆக்குவீங்களா?” என்று கேட்டால் “கண்டிப்பா” என்பார், அது மாநில அரசின் முடிவு என்பதால் சொன்னதற்குச் செலவே இல்லை. அவர் தப்பிக்க முடியாத கேள்வி பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி பற்றியது.

மாதச் சம்பளம் ரூ.12,000 என்று ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப்புக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம் ரூ.1,440, ஒப்பந்ததாரர் பங்கு இன்னொரு ரூ.1,440. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்குத் தொழிலாளி 0.75 சதவீதம் ரூ.90, ஒப்பந்ததாரர் 3.25 சதவீதம் ரூ.390. ஆளுக்கு ரூ.3,360. ஒரு கோட்டத்தில் 60 பேர் என்றால் மாதம் ரூ.2,01,600. இது கட்டப்படாமல் போனால் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியும். தடுக்கும் இடம் ஒன்றே ஒன்று: ஒப்பந்ததாரரின் மாத பில்லுக்குப் பணம் விடுவிக்கும் முன், முந்தைய மாதத்தின் பிஎஃப், இஎஸ்ஐ சலானும் பெயர்ப் பட்டியலும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. “சலான் இல்லாமல் பில் பாஸ் ஆகிறதா என்று மன்றக் கூட்டத்தில் கேட்பீர்களா? உங்கள் வார்டில் வேலை செய்யும் தொழிலாளர் பெயர்ப் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்வீர்களா?” கூடவே, பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்கினால் 2013 சட்டப்படி குற்றம் என்பது தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்கவேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கவேண்டும். இடத்தை விட்டு எழுப்ப 30 நாள் நோட்டீஸ் வேண்டும். பறிமுதல் செய்த சரக்கை, உரியவர் கேட்டால், அழுகும் பொருளென்றால் அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளில் திருப்பித் தரவேண்டும். நடப்பில் காலையில் லாரி வரும், தள்ளுவண்டி ஏறும், தக்காளி போய்விடும். கவுன்சிலர் வேட்பாளரிடம் கேட்கவேண்டியது: நம் ஊரில் விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது? கணக்கெடுப்பில் விடுபட்டவர்களை எப்படிச் சேர்ப்பீர்கள்? நம் வார்டில் விற்பனை மண்டலம் எந்தத் தெரு, தடை மண்டலம் எந்தத் தெரு? ‘எல்லாத் தெருவிலும் போடலாம்’ என்று வியாபாரியிடமும், ‘எல்லாத்தையும் எடுத்துருவோம்’ என்று கடைவீதிக்காரரிடமும் சொல்லும் வேட்பாளரை இந்த மூன்றாவது கேள்வி காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்கப் போகும் முன்

வெறுங்கையோடு போனால் வாக்குறுதியோடு திரும்புவீர்கள். நூறு நாள் வேலைத் திட்ட இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாக உள்ளே போனால் அட்டை எண்ணிக்கை, வேலை நாள், வருகைப் பட்டியல் எல்லாம் பொதுப்பார்வைக்கு இருக்கின்றன; கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. ஊராட்சியின் ஆண்டுத் திட்டம் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் ஏற்றப்பட்டிருக்கும். ஏலத் தொகை, தொழில் வரிப் பட்டியல் போன்றவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு மனு போடலாம், கோர்ட்டு ஃபீ வில்லை ஒட்டினாலும் போதும். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால் வேட்புமனு தாக்கல் வரை காத்திருக்கக்கூடாது. தேர்தல் பேச்சு காற்றில் வந்த உடனே போட்டுவிடவேண்டும்.

மனுவில் “வேலைவாய்ப்பு பற்றிய முழு விவரம் தருக” என்று எழுதினால் ஒன்றும் வராது. “2024–25ஆம் நிதியாண்டில் வாரச்சந்தைக் குத்தகைத் தீர்மானத்தின் நகல், கட்டண விகிதப் பட்டியலின் நகல்” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

கேள்வியை அமைப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். “செய்வீர்களா?” என்று முடித்தால் “செய்வேன்” என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. “எந்த மாதத்துக்குள், எந்தப் பதிவேட்டில், எவ்வளவு?” என்று முடியுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி போதும். பத்துப் பேர் பத்து விஷயத்தைக் கிளப்பினால் வேட்பாளர் தனக்கு வசதியானதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவார். ஐந்து கேள்வியை ஒரே தாளில் எழுதி, போட்டியிடும் எல்லாருக்கும் அதே தாளைக் கொடுங்கள். பதிலைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து கேளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் மறுத்தார் என்று எழுதிக்கொள்ளலாம். எதிர்க்கோஷ்டிக்காரர்தான் தூண்டிவிடுகிறார் என்ற பேச்சு கிளம்பாமலிருக்க இந்த ‘எல்லாருக்கும் ஒரே தாள்’ முறைதான் ஒரே பாதுகாப்பு. சாதி, தெரு என்று பிரிந்திருக்கும் ஊரில் தாளைக் கொண்டுபோகும் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு தெருக்காரர்களாக இருப்பதும் முக்கியம். பெண்கள் முன்னால் நின்றால் நூறு நாள் வேலைக் கேள்வியை யாரும் தள்ளிவிட முடியாது. வேலைத் தளத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தானே.

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் ஒரு சங்கடம் வரும். வேட்பாளர் அக்காவிடம் கேட்டால் பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்லத் தொடங்குவார். “அண்ணே, கையெழுத்து அக்காதான் போடப்போறாங்க, அவங்களே சொல்லட்டும்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். முதல் முறை தயங்குவார், இரண்டாவது கேள்வியில் பேச ஆரம்பித்துவிடுவார்.

செலவையும் ஒரு கண்ணால் பாருங்கள். 2019இல் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குத் தேர்தல் செலவு வரம்பு ரூ.34,000. அதைப்போல் பல மடங்கு ஊருக்குள் இறைக்கிறவர் வேலைவாய்ப்பு பற்றி என்ன சொன்னாலும், போட்ட பணம் ஏலத்திலோ ஒப்பந்தத்திலோ பொருள் பில்லிலோதான் திரும்ப வரவேண்டும்.

வாங்கிய தாளைத் தேர்தலுக்குப் பிறகு தொலைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். முதல் கூட்டத்திலேயே தாளை எடுத்து, மனு ரசீது, கட்டணப் பலகை, தொழில் வரிப் பட்டியல் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வருகைக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், தீர்மானம் நோட்டில் ஏறி வாசிக்கப்படும் வரை இடத்தை விட்டு எழவேண்டாம். கிளம்பும்போது தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.